தள்ளுவதும் கூட்டிப் போவதும்

விளம்பரங்களை நம்பினால், வளர்ந்த மனிதன் சைக்கிளில் ஏறுவதற்கு இரண்டே காரணங்கள்தான். ஒன்று, அவன் வெள்ளைக்காரன். தலையில் ஹெல்மட், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, பின்னால் தேயிலை மலை. இல்லையென்றால் அவன் கஷ்டப்பட்டவன். வேர்த்து வழிய மேட்டில் தள்ளிக்கொண்டு வருவான், அடுத்த காட்சியில் புது மோட்டார் சைக்கிளில் பெண்சாதியைப் பின்னால் வைத்துக்கொண்டு பறப்பான். தலை நரைக்கத் தொடங்கிய ஓர் ஆள், பிடித்திருக்கிறது என்பதற்காகவே சைக்கிளில் வேலைக்குப் போவதை நான் எந்த டிவியிலும் கண்டதில்லை. இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையில் அப்படி ஒருவன் இருக்கிறான். நான்தான்.

பெட்ரோலுக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில் அந்தப் பழைய சைக்கிளை வாங்கினேன். பஜாரில் ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையில் எனக்கு வேலை. எங்கள் லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், மலைக்கு மேலே. பிறகு பெட்ரோல் வந்தது, பஸ்கள் பழையபடி ஓடின, மற்றவர்கள் தங்கள் சைக்கிள்களைக் கோழிக்கூட்டுப் பக்கம் சாத்திவிட்டார்கள். நான் விடவில்லை. காலையில் கிடைக்கும் அந்த இறக்கத்தை எப்படி விடுவது? மிதிக்கவே வேண்டாம், பிரேக்கில் விரல் இருந்தால் போதும். பனிமூட்டத்துக்குள் ரோடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியும். தேயிலைச் செடிகள் ஒரு வளைவில் வரும், மறு வளைவில் காணாமல் போகும். கோயில் மணி எந்தப் பக்கம் அடிக்கிறது என்றே சொல்ல முடியாது. விடியற்காலைக் கனவின் மீதியைப் பார்த்துக்கொண்டே கடைக்குப் போய்ச் சேர்ந்ததாகச் சில நாள் தோன்றும்.

ஏறும்போது தள்ளத்தான் வேண்டும். ஆனால் எங்கள் லயத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "அண்ணன் சைக்கிள கூட்டிக்கிட்டு வாராரு" என்பார்கள். கேலியாகத் தொடங்கியது, போகப்போக அதுவே பேச்சாகிவிட்டது. எனக்கும் அந்தச் சொல் பிடித்திருந்தது. மேடு முழுக்க அது என் பக்கத்திலேயே கிர்கிர் என்று சத்தம் போட்டபடி வரும்.

மனைவிக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் கடை திறப்பது நான் என்பதால் மாலையில் முதலாளி என்னை வெள்ளனவே விட்டுவிடுவார். கோயில் வளைவில் அவள் காத்திருப்பாள். தன் பச்சைப் பையை வலது ஹேண்டிலில் மாட்டுவாள். சைக்கிளுக்கு இடது பக்கம் நான், வலது பக்கம் அவள். வீட்டுக்குப் போனால் பிள்ளைகள், டிவி, சுவருக்கு அந்தப்புறம் அடுத்த வீட்டுச் சண்டை. எங்கள் இருவருக்கும் மட்டும் என்று நாளில் இருந்தது அந்த மேடு ஒன்றுதான். அவள் குரல் சின்னது, தலையைச் சாய்த்தால்தான் கேட்கும். எந்தக் குழந்தை நடந்தது, எது கடித்தது என்று அவள் சொல்லிக்கொண்டே வர, மூட்டம் எங்களுக்குப் பின்னால் மெதுவாக மூடிக்கொண்டு வரும். வீடு வராமல் இருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் வளைவில் கமெராவோடு ஒரு வாலிபன் நின்றான். படம் எடுக்கலாமா என்று சிங்களத்தில் கேட்டான். தேயிலையைப் படம் பிடிக்க வந்தவன், போகிற போக்கில் நாங்களும் படத்தில் விழுந்துவிட்டுப் போகிறோம் என்று தலையாட்டினேன். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

கொஞ்ச நாள் கழித்து முதலாளிதான் சொன்னார்.

"பஸ் ஸ்டாண்டுல பெரிசா ஒங்கட படம் வச்சிருக்காங்களே. பாக்கிறவன் நான் சம்பளமே குடுக்கிறதில்லன்னுல்ல நெனப்பான்."

போய்ப் பார்த்தேன். மோட்டார் சைக்கிள் விளம்பரம். ஆளுயரத்துக்கு நான், மேட்டில் தனியாக, தலை ஒரு பக்கம் தொங்க, சைக்கிளோடு. கீழே: "வாழ்க்கையை இன்னும் எத்தனை நாளைக்குத் தள்ளுவீர்கள்?" கோபத்தில் காது சுட்டது. அவளைப் போடவில்லையே, நல்ல வேளை என்றுதான் அப்போது நினைத்தேன்.

அதன்பிறகு ஊருக்கே என்மேல் இரக்கம் பிறந்துவிட்டது. மரக்கறி லொறிக்காரர் நிறுத்தி ஏறச் சொன்னார். வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கடைக்கு வந்தவர்கள் தணிந்த குரலில் கேட்டார்கள். பிள்ளைக் காம்பராவுக்கும் பேச்சு போயிருக்கிறது. ஒருநாள் மாலை வளைவில் அவள் இல்லை.

"எல்லாரும் பாவம்னு பாக்குறாங்க. ஒங்கள அப்படிப் பாக்க எனக்குத் தாங்கலங்க" என்றாள் வீட்டில். "நீங்க பஸ்ஸுல வாங்க. நான் பொம்பளைங்களோட குறுக்குப் பாதையில போய்க்கிறேன்."

மறுநாளும் சைக்கிளில்தான் போனேன், வீம்புக்கு. மாலையில் அதே மூட்டம், அதே கிர்கிர். பேச ஆளில்லை. அன்றுதான் முதல்முறையாக நான் சைக்கிளைத் தள்ளினேன். அந்த மேட்டை இழந்துவிடுவேனோ என்று உண்மையிலேயே பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க இருவரும் பஜாருக்கு இறங்கினோம். அவள் அந்த விளம்பரப் பலகையை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை, பிறர் சொல்லக் கேட்டதுதான். பார்க்க வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொண்டு கிட்டப் போய் நின்றாள். பஸ் ஒன்று வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்வரை அசையவில்லை.

"இது என் பை" என்றாள்.

வலது ஹேண்டிலில், படம் முடிகிற ஓரத்தில், பச்சைப் பை. நான் கவனிக்கவே இல்லை.

"களைச்சுப்போயா தலைய தொங்கப் போட்டிருக்கீங்க? அன்னைக்கு நான் அந்த ரெட்டப் புள்ளைங்க கத சொன்னேன். அதக் கேக்கத்தான் சாஞ்சிருக்கீங்க." அவள் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "என்னைய வெட்டிட்டு, ஒங்களப் பாவமாக்கிட்டாங்க."

கண்ணைத் துடைத்தவள், பருப்பு வாங்க வேண்டும் என்று நடந்தாள்.

திங்கட்கிழமை மாலை வளைவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். பலகை இன்னும் பஸ் ஸ்டாண்டில்தான் இருந்தது. பையை இடது ஹேண்டிலில் மாட்டினாள். பிறகு சைக்கிளைச் சுற்றிக்கொண்டு என் பக்கமாக வந்து, தோள் இடிக்க நடக்கத் தொடங்கினாள்.

"இனி என்னைய வெட்டணும்னா, ஒங்களையும் சேத்துத்தான் வெட்டணும்."