ரோசலின் சயாமா திறக்காத கதவு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை மின்சாரம் வந்து, கைபேசிக்கு உயிர் வந்ததும் முதலில் கண்ணில் பட்டது அலோன் பேட்டையிலிருந்து வந்த ஒரு செய்தி. “ரோசலின் சயாமா இறந்துவிட்டார். நாளை அடக்கம்.” அவருடைய எதிர்வீட்டு அம்மா பர்மிய மொழியில் அனுப்பியிருந்தார். நெஞ்சுவலியாம். வயது ஐம்பத்தாறு.

சயாமா என்றால் இங்கே பர்மாவில் ஆசிரியை. லத்தா பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் அவர் வரலாறும் நான் கணக்கும் பதினான்கு ஆண்டுகள் நடத்தினோம். அவர் மிஷன் பள்ளிக் குமாஸ்தா குடும்பத்துப் பெண். என் முன்னோர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள். ஆசிரியர் அறையில் தமிழ் பேச எங்கள் இருவரை விட்டால் ஆளில்லை.

அவர் உயிரைக் கொடுத்து நடத்தும் பாடம் ஒன்று உண்டு. 1832இல், பிடிக்காத மன்னனுக்கு எதிராகப் பாரிஸ் மக்கள் சிலர் தெருக்களை மறித்து நின்ற கிளர்ச்சி. ஒரு தளபதியின் சவ ஊர்வலத்தில் தொடங்கி இரண்டே நாளில் நசுக்கப்பட்டது. “ஊரே எழுந்து வரும்னு நம்பினாங்க. ஊர் வரலை” என்றுதான் ஒவ்வொரு ஆண்டும் முடிப்பார்.

ஒருமுறை விளையாட்டாகக் கேட்டேன்: “நீங்க அங்கே இருந்திருந்தா?”

“கதவைத் திறந்து உள்ளே இழுத்திருப்பேன் சார். இதிலே யோசிக்க என்ன இருக்கு?”

ராணுவம் ஆட்சியைப் பிடித்த ஆண்டு, மார்ச் மாதத்து நண்பகல். அவர் தெருவில் சிப்பாய்கள் நுழைந்தார்கள். போராடிக்கொண்டிருந்த பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். யாரோ அவர் கதவைத் தட்டினார்கள். “சயாமா, சயாமா” என்று ஒரு பெண்குரல். உள்ளே, பக்கவாதத்தில் படுத்திருந்த தம்பி சேவியர் பயத்தில் முனகினார். சயாமா ஓடிப்போய்த் தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தட்டல் நின்றது. பூட்ஸ் சத்தம். பிறகு வெடிச்சத்தம்.

வெகுநேரம் கழித்துத்தான் கதவைத் திறந்தார். எதிர்வீட்டு அம்மா வாளித் தண்ணீர் ஊற்றித் தெருவைக் கழுவிக்கொண்டிருந்தார். “யாருன்னு கேக்காதீங்க, உள்ளே போங்க” என்றாராம்.

சயாமா கேட்காமல் இருக்கவில்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார். சில நாள் நானும் கூடப் போனேன். அந்தப் பெண் இறந்தாளா, பிழைத்தாளா, பெயர் என்ன, எதுவும் கிடைக்கவில்லை. தன் மாணவியோ என்ற சந்தேகம் அவரை அரித்தது.

“தம்பியைக் காப்பாத்தத்தானே அப்படிச் செஞ்சீங்க” என்றேன்.

“அவளும் யாருக்கோ அக்காவா இருந்திருப்பா சார்.”

அந்த மழைக்காலத்திலேயே கொரோனா வந்து, ஆக்சிஜன் கிடைக்காமல் சேவியர் போய்விட்டார். வரிசையில் நின்று வெறும் சிலிண்டரோடு திரும்பி வந்த சயாமா அழவில்லை. “யாருக்காகக் கதவைத் திறக்காம இருந்தேனோ, அவனும் நாலு மாசம்தான் இருந்தான்” என்று மட்டும் சொன்னார்.

பள்ளி மறுபடி திறந்தபோது அவர் வரவில்லை. ஊரோரம் ஷ்வேப்யிதாவில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தையல் பிசிறு பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தார். திரும்பி வரச் சொல்லி இரண்டு முறை கெஞ்சினேன். “அந்தப் பாடத்தை இனி எந்த முகத்தோட நடத்துவேன்?” என்றார். மூன்றாம் முறை நான் கேட்கவில்லை. அது என் தவறாகவும் இருக்கலாம்.

அடக்கத்துக்குப் பாதிரியாரையும் என்னையும் சேர்த்து எட்டுப் பேர். மழை. தொழிற்சாலைப் பெண்கள் நால்வர் சீருடையோடு வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என்னிடம், “ஆண்ட்டி முன்னாடி என்ன வேலை பார்த்தாங்க?” என்று பர்மிய மொழியில் கேட்டாள். மூன்று ஆண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவள் அவள். சொல்ல வாயெடுப்பதற்குள் தொழிற்சாலை வண்டி ஹாரன் அடித்தது. நால்வரும் பாவாடை நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் ஓடினார்கள்.

குழிவெட்டிகள் ஈரமண்ணைத் தள்ளி முடிக்கும்வரை நின்றேன். போய் வாருங்கள், சயாமா.