சீராக வந்த துவைகல்

எங்கள் கொல்லையில் கிடக்கும் துவைகல்லை ஒரு டீச்சர் நக்கிப் பார்த்த நாளில் ஆரம்பித்தது இந்தத் தொல்லை.

நான் கரிமூட்டம் போடுகிறவன். சீமைக்கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மேலே மண் பூசித் தீ வைத்து, புகை அடங்கிய பிறகு கரியை அள்ளிச் சாக்கில் கட்டி லோடு ஏற்றுவது பிழைப்பு. படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. புது ஆட்கள் என்றால் கூச்சம். யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டிவிடுவேன். கேட்டவர் அதைத் தனக்கு வேண்டிய மாதிரி எடுத்துக்கொள்வார். பஸ்ஸில் கண்டக்டர் என்னவோ கேட்டதற்குத் தலையாட்டி, திருச்சுழிக்குப் போக வேண்டியவன் அதையும் தாண்டிப் போய் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்திருக்கிறேன்.

கரி வேலைக்காரன் துணியைச் சிமெண்டுக் கல்லில் துவைத்தால் அழுக்கு இடம் மாறும், போகாது. எங்கள் கல் அப்படியில்லை. மேல்பக்கம் முழுக்கப் பொடிக்கல் பதிந்து சொரசொரவென்று இருக்கும். நாலு அடி அடித்தால் வேட்டி வேட்டியாகிவிடும். பரளச்சிப் பக்கம் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், தோட்டத்தில் கிணறு வெட்டியபோது கிடைத்த கல் அது. எங்கள் கல்யாணத்துக்குப் பீரோ, கட்டில், அண்டாவோடு டிராக்டரில் ஏற்றிக்கொண்டுவந்து, அவரே கடப்பாரை போட்டு இறக்கிவைத்தார். அண்ணன் கொடுத்த சீரை எங்கள் பக்கத்தில் யாரும் வெளியே கொடுப்பதில்லை. அண்டா ஓட்டையானால்கூட அண்ணன் வந்தால் கண்ணில் படுகிற இடத்தில் கவிழ்த்து வைத்திருப்பார்கள்.

அந்த டீச்சர் காலேஜில் கல்லையும் மண்ணையும் பற்றிப் பாடம் எடுப்பவராம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர் ஓடையில் கல் பார்த்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தார்கள். கொல்லைப் பக்கம் கை கழுவப் போன டீச்சர், துவைகல்லைப் பார்த்ததும் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். தடவினார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து அதன் ஓரத்தை நக்கினார். ஈரம் பட்டால்தான் மணல் தெளிவாகத் தெரியும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். பிள்ளைகளுக்கு அது பழக்கம் போல. ஒருத்தரும் அசையவில்லை.

தண்ணீர்ச் சொம்போடு வந்த என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "காலையில இவுக டவுசரை அதுலதான் துவைச்சேன், டீச்சர்."

டீச்சர் அந்தச் சொம்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டுச் சிரித்தார். மனைவி இன்னொரு சொம்பு எடுக்க உள்ளே போனாள். அந்த நேரத்தில்தான் டீச்சர் என்னைக் கேட்டார். இது நல்ல மணற்கல், காலேஜில் வைத்தால் பிள்ளைகள் பார்ப்பார்கள், சனிக்கிழமை வண்டியோடு வந்து எடுத்துக்கொள்ளலாமா என்றார். நான் தலையை ஆட்டினேன்.

விஷயம் தெரிந்ததும் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"எங்க அண்ணன் குடுத்த சீரைத் தூக்கிக் குடுக்க நீங்க யாரு?"

"நான் குடுக்கலை. தலையைத்தான் ஆட்டுனேன்."

"அப்ப அதைக் கயித்துல கட்டிப் போடுங்க."

போன் போட்டு அண்ணனுக்கும் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கே மச்சான் வந்து இறங்கினார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"ஏன் மாப்ள, இன்னைக்குக் கல்லைக் கேட்டாக. நாளைக்கு என் தங்கச்சியை வேணும்னு கேட்டா?"

என் தலை ஆடத் தொடங்கியது. பாதியில் பிடித்து நிறுத்தினேன்.

வேன் வந்தது. மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எங் கெணத்துல கெடைச்ச கல்லு இது" என்று வாசலை மறித்து நின்றார். டீச்சர் இறங்கி, "இந்தக் கல்லைக் கண்டெடுத்தது நீங்கதானா சார்?" என்றார். மச்சானை யாரும் அதுவரை சார் என்று கூப்பிட்டதில்லை. வேட்டி தானாகக் கீழே இறங்கியது. அவரே டீச்சரைக் கொல்லைக்கு அழைத்துப் போனார்.

டீச்சர் கல்லின் பக்கவாட்டில் படிந்திருந்த சோப்பு அழுக்கைத் தேய்த்துக் கழுவினார். உள்ளே வரிவரியாக நிறம் தெரிந்தது. இத்தனை வருஷம் துவைத்தும் நாங்கள் அதைப் பார்த்ததில்லை. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் பெரிய ஆறு ஓடியிருக்கிறது என்றார் டீச்சர். வெள்ளம் வடியும்போது கனமான பொடிக்கல் முதலில் அடியில் தங்கும். அதன்மேல் மணல், அதற்கும் மேல் மாவு மாதிரி மண் படியும். அடுத்த வெள்ளம் வந்தால் மறுபடியும் அப்படியே. எல்லாம் இறுகிக் கல்லாகிவிட்டது. அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு.

"அரிசி அரிக்கிற மாதிரி" என்றாள் மனைவி.

"அதேதாம்மா."

அவள் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பப் பொடிக்கல்லு அடியிலல்ல இருக்கணும்? இதுல மேல இருக்கு."

"கல்லைத் தலைகீழாப் போட்டிருக்கீங்க" என்றார் டீச்சர்.

மச்சான் முகம் என் கரிச்சாக்கு நிறத்துக்கு வந்துவிட்டது. டிராக்டரில் இருந்து இறக்கிப் போட்டவர் அவரல்லவா.

"தலைகீழாச் சீர் குடுத்தவன்னு ஊருக்குள்ள பேசுவாங்களே" என்று முனகினார். பிறகு, கல்லைக் கொடுக்கக் கூடாது என்று பஸ் ஏறி வந்த மனிதர் சொன்னார்: "டீச்சர், இதை நீங்க கொண்டு போயிருங்க. நான் வேற கல்லு கொண்டாந்து நேராப் போட்டுக் குடுக்கேன்."

மனைவி விடவில்லை. கல் எங்கேயும் போகாது என்றாள். அப்படியானால் இதையே புரட்டியாவது போடுவோம் என்றார் அண்ணன். அவள் குனிந்து அடிப்பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். வழவழ.

"இதுல இவுக வேட்டியைத் தடவித்தான் குடுக்கணும். உனக்கு வேணா அது தலைகீழு அண்ணே. எனக்கு அதுதான் நேரு."

அதற்குள் வேனில் வந்தவர்கள் கடப்பாரையும் கயிறும் எடுத்துவந்து, மச்சான் காட்டிய இடத்தில் நெம்பத் தயாரானார்கள். மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில், நான் தலையாட்டியதற்கு இனி நான்தான் பொறுப்பு என்று இருந்தது. போய்க் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

காலையில் துவைத்த சோப்பு நுரை அதில் அப்படியே இருந்தது. வேட்டி நனைந்து குளிர்ந்தது. கடப்பாரை வைத்திருந்தவர் டீச்சரைப் பார்த்தார். வீட்டுக்காரனை எப்படி நெம்புவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"என்னண்ணே, அன்னைக்குச் சரின்னீங்களே" என்றார் டீச்சர்.

"கல்லு அவளுது டீச்சர்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். "கல்லு அவளுது. குடுக்கிறதுக்கில்ல."

டீச்சர் என்னையும் நுரையையும் பார்த்துச் சிரித்துவிட்டு, கடப்பாரையை வண்டியில் வைக்கச் சொன்னார். பிறகு மச்சானிடம், கிணற்றில் இந்த அடுக்கு இன்னும் தெரியுமா என்று விசாரித்தார். தண்ணீர் வற்றிக் கிடக்கிறது, அடிவரைக்கும் பூராவும் தெரியும் என்றார் மச்சான். டீச்சருக்கு அது பெரிய சந்தோஷம். பெயர்த்த கல்லைவிட, கல் தன் இடத்தில் இருப்பதைப் பார்ப்பதுதான் மேலாம். அங்கே எது அடி, எது மேல் என்ற சண்டையே வராதாம்.

"ஆறே ஓடுச்சுங்கிறீக" என்றார் மச்சான். "அப்ப எங் கெணத்துல ஏன் ஊத்து இல்ல?"

"நீங்க கொஞ்சம் பிந்தி வெட்டிட்டீங்க சார். லட்சக்கணக்கான வருஷம்."

மச்சான் யோசித்தார். "எங்கப்பா காலத்துலயே வெட்டியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, கிணற்றுக்கு வழி காட்ட வேனின் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

வண்டிச் சத்தம் அடங்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை. மனைவி ஊறவைத்த துணி வாளியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள்.

"எந்திரிங்க. அந்த வேட்டியையும் அவுத்துப் போடுங்க. சேத்தே துவைச்சுருதேன்."