பிரஷர் அக்காவும் பாறைக் குன்றும்

ஊரில் அவருக்குப் பெயர் 'பிரஷர் அக்கா'. ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர், கருத்தரங்குகளில் தொலைமருத்துவம் பேசுபவர் என்பதெல்லாம் அங்கே யாருக்கும் ஒரு பொருட்டில்லை. முப்பத்தெட்டு வீடுகளுக்கு ரத்த அழுத்தம் அளக்கும் கருவியும் கைப்பேசியும் கொடுத்தவர், அது போதும். கைப்பேசி அளவை நகரத்து டாக்டருக்கு அனுப்பும், அவர் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். நோயாளி வீட்டைவிட்டு நகரவே வேண்டாம் என்பதுதான் திட்டத்தின் பெருமை.

பயிற்சி நடந்தது சாலையோரப் பள்ளிக்கூடத்தில். அதன்பிறகு அக்கா அலுவலகத்தில் உட்கார்ந்து எண்களைப் பார்த்தார். எல்லோருக்கும் அழுத்தம் எகிறிக் கிடந்தது. ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல செய்தி ஏது? திட்டத்தை நடத்தும் பேராசிரியர் கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டார். ஆறு வருட உழைப்பில் அக்காவின் பெயர் முதலில் வரப்போகிற முதல் கட்டுரை.

அப்போதுதான் ஊர்த் தையல்காரரின் மனைவி, சந்தைக்கு வந்த இடத்திலிருந்து, கணவருக்குத் தலை சுற்றுகிறது என்று போன் செய்தார். தையல்காரருக்கு ஏற்கெனவே இரண்டு முறை மாத்திரை கூட்டியாயிற்று. மறுநாள் மூன்றாவது முறை. அக்கா அன்றே நேரில் போனார்.

"எந்திரிச்சா கண்ணு இருட்டுதுங்க. நேத்து காலரைக் கொண்டுபோய் கையில வெச்சுத் தச்சுட்டேன்."

"நல்லா இருந்தப்ப மட்டும் என்னவாம்?" என்றார் மனைவி, உள்ளேயிருந்து.

"இன்னிக்கு அளந்தாச்சா?"

"இனிமேதான். வாங்க, குன்றுக்குப் போலாம்."

"குன்றுக்கா?"

"இங்க ஏதுங்க சிக்னல்? சிக்னல் இல்லேன்னா மிஷின் முரண்டு பண்ணுது. ஊரே மேல போய்த்தான் அளக்குது."

செங்குத்தான பாறை. தையல்காரர் வழியில் இரண்டு தடவை உட்கார்ந்தார். உச்சியில் ஏழெட்டுப் பேர் மூச்சிரைக்கக் கையில் பட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அஞ்சு நிமிஷம் உக்காந்து அளக்கணும்னு எழுதிக் கொடுத்தேனே!"

"உக்காராம எப்படி? வீட்டுல அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டுத்தான் ஏறவே ஆரம்பிக்கிறோம்."

அக்கா தன் கையில் கட்டிப் பார்த்தார். நூற்று அறுபத்தைந்து.

"அட, அக்காவுக்கும் இருக்கு!" என்று ஒருத்தி ஆறுதல் சொன்னாள். "பயப்படாதீங்க, மாத்திரை எழுதுவாங்க."

தையல்காரரைக் கால்மணி நேரம் நிழலில் உட்காரவைத்து அளந்தார். தொண்ணூற்று ஆறு, இருக்கவேண்டியதைவிட ரொம்பக் குறைவு. அக்கா அங்கிருந்தே பேராசிரியரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். சிக்னல் அருமையாக இருந்தது.

"கட்டுரை போனதுக்கு அப்புறம் சரி பண்ணிக்கலாமேம்மா."

"மாத்திரையைக் கூட்டப்போறது நாளைக்கு சார்."

"அப்போ கட்டுரை இல்லைன்னு ஆயிடும்."

"ஆயிடும் சார்."

அடுத்து டாக்டர். தையல்காரரின் மாத்திரை அன்றே பழைய அளவுக்கு இறங்கியது. மற்றவர்களை மதியம்வரை ஒவ்வொருவராக நிழலில் உட்காரவைத்து அளந்ததில் பாதிப்பேருக்கு நோயே இல்லை. அவர்களில் ஆறுதல் சொன்ன பெண்ணும் ஒருத்தி. அவள் அக்காவை முறைத்தாள்.

"நல்லாப் பாத்து அளங்க. எனக்கு பிரஷர்னு சொல்லித்தான் மருமக சமைச்சுப் போடுறா."