கரண்டும் செல்லும்

அம்மாவின் அலமாரியில் ஒரு பழைய டார்ச் லைட் இருக்கிறது. அதைப் பார்த்தாலே எனக்கு அந்த வார்டு சிஸ்டரின் முகம்தான் வரும்.

தொண்ணூறுகளில் அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். துடியலூர்ப் பக்கம் மில்லில் ஃபிட்டர். மிஷின் இரைச்சலையும் மீறிக் கேட்கும் குரல். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து ஏற்றினார்கள், கரண்டு வைத்தார்கள். கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். குரல் அடங்கிப்போய், எங்களைக் கூப்பிட டார்ச்சை அடித்துக் காட்டுவார்.

ஒரு நாள் சிஸ்டர், "செல்லு ரொம்பக் கொறஞ்சு போச்சுங்கக்கா. ஏறுற வரைக்கும் மருந்துமில்லீங்க, கரண்டுமில்லீங்க" என்றார். பாதியில் நின்றால் நோய் முந்திக்கொள்ளும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அம்மா பதறிப்போய் எதிர்க்கடைக்கு ஓடி, கை நிறைய டார்ச் செல் வாங்கி வந்து நீட்டினாள்.

"மிஷினுக்குப் போடுங்க சிஸ்டர். பத்தலீன்னா இன்னும் வாங்கியாரனுங்க."

எனக்கு மானம் போயிற்று. சிஸ்டர் சிரிக்கவேயில்லை. வாங்கி அப்பாவின் டார்ச்சில் போட்டுக் கொடுத்தார்.

"இதும் வேணுமுங்கக்கா. ஆனா நாஞ் சொன்னது அண்ணன் ரத்தத்துல இருக்கற வெள்ளையணுங்க. நோயை எதுத்து நிக்கறது அதுதான். ஏறுற வரைக்கும் சளி ஒட்டுனாக்கூட ஆபத்து. ஆரையும் கிட்ட உட்றாதீங்க."

அப்பா தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

யாரையும் விடாமலிருப்பது லேசா? எங்கள் சனத்தில் நோயாளியைப் பார்க்க வராதது குற்றம். வந்தவரைத் திருப்பி அனுப்புவது அதைவிடப் பெரிய குற்றம். பெரிய மாமா அன்னூரிலிருந்து வேன் பிடித்து ஆட்களோடு வந்துவிட்டார், தும்மிக்கொண்டே! அம்மா வார்டு வாசலை மறித்தாள்.

"செல்லு ஏறட்டுங்கண்ணா, அப்பறம் வாங்க."

"மாப்பளையப் பாக்க உடமாட்டயா? இனி உன்ற ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்!"

அம்மா அழுதேவிட்டாள். சிஸ்டர் குறுக்கே வந்து நின்றார். "நாந்தானுங்க உடக்கூடாதுன்னு சொன்னது. கோவமெல்லாம் எம்மேலயே இருக்கட்டுங்க."

அம்மாவின் பிறந்த வீட்டு உறவைக் காப்பாற்றிய வார்த்தை அது. மாமா கடைசிவரை சிஸ்டரைத்தான் திட்டினார், அம்மாவை அல்ல.

செல் ஏறியது. நின்ற சிகிச்சை தொடர்ந்து முடிந்தது. கரகரத்த குரலோடு அப்பா என் கல்யாணத்தையும் பேரனையும் பார்த்துவிட்டுத்தான் போனார். அந்த மகராசி எங்கிருந்தாலும் நன்றாயிருக்க வேண்டும்.

டார்ச்சில் புது செல் போடும்போதெல்லாம் அப்பா, "செல்லு ஏறிருச்சுங்க சிஸ்டர்" என்பார். இப்போது வீட்டில் செல் என்றால் பிள்ளைகள் போனைத் தேடுகிறார்கள். அம்மா மட்டும் நேற்றும் டார்ச்சில் புதுசு போட்டு, அமுக்கிப் பார்த்துவிட்டு, சுவரிலிருந்த அப்பாவின் படத்தின் மேல் வெளிச்சத்தை அடித்தாள்.

"ஏனுங்க, ஏறிருச்சுங்க" என்றாள்.