எல்லாருக்கும் தோதான தேதி

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், 'பொறுமையின் வடிவம்' என்று தலைப்புப் போட்டு எழுதிக் கொடு என்று பெரியண்ணன் சொன்னார். அக்கா பொறுமையின் வடிவம் இல்லை. அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதில் பாதி எனக்கும் வந்திருக்கிறது. இந்த மலரை அச்சடிப்பது சின்னண்ணனின் அச்சகம்தான். ஒரு வரி குறைந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

அக்கா சிவகாசியில் எங்கள் பெற்றோருக்கு மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தார். அவருக்கு மேலே இரண்டு அண்ணன்மார், கீழே நான். ஆமத்தூரில் வாழ்க்கைப்பட்டார். அத்தான் சீக்கிரமே காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. பிறந்த வீட்டுக்குத் திரும்பிய அக்காவைச் சின்னண்ணன், "சும்மா வந்து ஆபீஸ்ல உக்காந்திரு" என்று அச்சகத்துக்கு அழைத்தார். அக்கா சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. காலண்டர் பைண்டிங் பகுதி முழுவதும் அவர் பொறுப்புக்கு வந்தது. அங்கே வேலை பார்க்கும் பெண்களை வாய் ஓயாமல் திட்டுவார். அவர்கள் வீட்டில் ஒரு காய்ச்சல் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். அப்பாவையும் அம்மாவையும் கடைசி வரை பார்த்துக்கொண்டதும் அவர்தான். இதையெல்லாம் நீங்கள் அறிவீர்கள். நான் எழுத வந்தது சிங்கப்பூர்ப் பயணத்தைப் பற்றி.

நம் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் கடல் கடந்ததில்லை. எல்லாரும் சேர்ந்து ஒரு தடவை வெளிநாடு போய்ப் பார்க்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. அவர் தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் பெரியம்மா வரை இருபத்தேழு பேர் வருவதாகச் சொன்னோம். வருகிறேன் என்று சொல்வது எளிது. தேதி பார்ப்பதுதான் பெரும்பாடு. தீபாவளி முடிந்தால் பெரியண்ணனின் பட்டாசுக் கம்பெனிக்கு ஓய்வு. சின்னண்ணனின் அச்சகத்துக்கோ அப்போதுதான் காலண்டர் லோடு ஏற்றி மாளாது. அச்சகம் ஓயும்போது பட்டாசுக்கு அடுத்த சீசன் தொடங்கிவிடும். விருதுநகரில் என் புகுந்த வீட்டில், அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்குச் சாட்டிவிட்டால் வெளியூரில் தங்க மாட்டார்கள்.

எங்கள் ஊரில் ஆடிப் பெருக்கன்றே அடுத்த வருஷத்துக் காலண்டர் கைக்கு வந்துவிடும். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் பரீட்சை, வீட்டு விசேஷங்கள், ஆர்டர் என்று ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டு, மாசி மாதத்தில் ஐந்து நாட்களைத் தேடிப் பிடித்தார். ஐந்து நாள் கம்பெனியை மூட முடியாது என்ற பெரியண்ணனிடம் ஒரு வாரம் மல்லுக்கட்டிச் சம்மதம் வாங்கினார். நம்மைக் கூட்டம் கூட்டமாக மதுரைக்கு அழைத்துப்போய் பாஸ்போர்ட் எடுக்க வைத்தார். பயண ஏற்பாட்டாளரோடு தினமும் போனில் பேசினார். அங்கே எண்ணெய்ப் புரோட்டா கிடைக்குமா என்று மாமா கேட்டதற்கும் பொறுப்பாக விசாரித்துச் சொன்னார். சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பெரியம்மா ஒரு பெட்டி கம்பி மத்தாப்பு எடுத்து வைத்தது நினைவிருக்கும். "அத எடுத்தீகன்னா நம்ம அம்புட்டுப் பேரையும் மதுரையிலயே எறக்கி விட்டுருவாக, பெரியம்மா" என்று அக்கா பெட்டியைப் பிடுங்கி வைத்தார்.

புரட்டாசியில் பெரியண்ணனின் மருமகனிடமிருந்து போன் வந்தது. பெங்களூரில் அவருக்குக் கார்த்திகையில்தான் லீவு கிடைக்குமாம். மாப்பிள்ளை இல்லாமல் எப்படி என்று, இருபத்தேழு பேருக்கும் பார்த்த தேதியை ஒரே சாயங்காலத்தில் மாற்றினார்கள். கார்த்திகை என்றால் காலண்டர் வேலை உச்சத்தில் இருக்கும். பைண்டிங்கை விட்டு அக்கா நகர முடியாது. அக்கா அதைச் சொன்னார். அதற்குப் பெரியண்ணன் சொன்னதை அன்று அந்தக் கூடத்தில் இருந்த எல்லாரும் கேட்டீர்கள்.

"ஒரு ஆளுக்காக அம்புட்டுப் பேரும் தேதிய மாத்த முடியுமாம்மா? நீ அடுத்த தடவ வா."

"தேதி பாத்தவளே நான்தானண்ணே" என்றார் அக்கா.

மாப்பிள்ளையும் ஒரு ஆள்தானே என்று நான் கேட்டேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்றார்கள். எனக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சரி, கார்த்திகையில் சின்னண்ணன் மட்டும் எப்படிப் போவார்? அச்சகம் அவருடையதுதானே? அவரே அக்காவிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்: "நீ இங்கன இருக்கங்கிற தைரியத்துலதான நான் போறேன்." அதைப் பாராட்டு என்றுதான் அவர் நினைத்தார். இன்றும் அப்படித்தான் நினைக்கிறார் என்பதால் எழுதுகிறேன்: அது பாராட்டு இல்லை அண்ணே.

நான் போகவில்லை. உன்னை யாரு வீறாப்புக்கு நிற்கச் சொன்னது என்று அக்கா என்னைப் பிடித்து ஏசினார். நீங்கள் போனீர்கள். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா என்று அக்கா அச்சகத்தில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாம் நாள் சின்னண்ணன் வீடியோவில் வந்தார். எந்த லோடு போனது, எது நிற்கிறது என்று கேட்டார். நான் அக்காவின் பக்கத்தில் இருந்தேன். அண்ணனின் தலைக்குப் பின்னால் கொஞ்சம் கடலும் உயரமான கட்டடங்களும் தெரிந்தன. அக்கா லோடு விவரம் முழுவதும் சொல்லி முடித்துவிட்டு, "தலைய மட்டும் கொஞ்சம் நகத்துங்கண்ணே" என்றார். அண்ணனுக்குக் காதில் விழவில்லை. சரி சரி, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். அக்கா பார்த்த சிங்கப்பூர் அவ்வளவுதான். அன்று முழுவதும் பைண்டிங்கில் யாரையும் அவர் திட்டவில்லை. அதைப் பார்க்க எனக்கு அழுகையாக வந்தது.

அடுத்த புரட்டாசியில், லோடு ஏறிக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தார். மதுரைக்குக் கொண்டுபோனோம். மருத்துவர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். மூன்றாம் நாள் விடியும் முன் அக்கா போய்விட்டார். பாஸ்போர்ட் அவரது பீரோவில் சேலைக்கு அடியில் இருக்கிறது. ஒரு பக்கத்திலும் ஒரு முத்திரை கிடையாது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் முறை வைத்து அக்காவோடு இருந்த பைண்டிங் பகுதிப் பெண்களுக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. பயண ஏற்பாட்டாளருக்கும் நன்றி. விமான நிலையத்தில் அவர் முதலில் கேட்டது, போனில் பேசிய அக்கா எங்கே என்றுதான். அவர் அக்காவின் முகத்தை முதல் முதலாகப் பார்த்தது மாலையோடு வந்து நின்ற அன்றைக்குத்தான். துக்கத்தில் பங்குகொண்ட உறவினர், நண்பர் அனைவருக்கும் கை கூப்புகிறேன்.

இப்போது மலேசியா போகலாம் என்று பேச்சு அடிபடுகிறது. தேதி பார்க்க அக்கா இல்லை, நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று என்னிடம் வந்திருக்கிறார்கள். பார்த்துவிட்டேன். போன வருஷம் புரட்டாசியில், தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் கிடக்கும்போது பெரியண்ணன் கம்பெனியை மூடினார். சின்னண்ணன் மெஷினை நிறுத்தினார். லீவே கிடைக்காத மாப்பிள்ளை முதல் விமானத்தைப் பிடித்து வந்தார். யாரும் தேதி மாற்றச் சொல்லவில்லை. அந்த ஒரு ஆளுக்காக இருபத்தாறு பேரும் ஒரே நாளில் வந்து நின்றோம். எல்லாருக்கும் தோதான தேதி அதுதான்.