எழுதி அடித்த பெயர்

மரகதத்தின் அப்பா ஸ்டாஃப் ரூம் வாசலில், தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். கால்வாயில் விறகுப் படகு ஓட்டுபவர்.

"பொண்ணு இனிமே வராது டீச்சரம்மா. நிறுத்திக்கிறேன்."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. ஆறு மாசமா தனியாவே குந்திக்கினு கீதாம். யாரும் பேச மாட்டேங்குதாம். படிப்பு வருது. மனசுதான் தாங்கலியாம்."

"ஒரு வாரம் பொறுங்க" என்றேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

மயிலாப்பூரில் அந்தப் பெண்கள் ஹைஸ்கூலில் எனக்கு அது இரண்டாம் வருஷம். யுத்த காலம். இரவில் விமானங்களுக்கு வெளிச்சம் தெரியாமலிருக்க ஜன்னல் கண்ணாடிகளில் நீலச் சாயம் பூசியிருந்தார்கள். மத்தியானத்தில் நாலாவது ஃபாரம் வகுப்பு தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் இருக்கும். கடற்காற்று புகுந்தால் பெண்களின் பேச்சு எங்கோ தூரத்திலிருந்து மிதந்து வருவதாகத் தோன்றும். அந்த நீலத்துக்குள், கடைசி பெஞ்சின் ஓரத்தில், மரகதம். முதல் நாள் பேர் கூப்பிட்டபோது "இன்னா டீச்சர்?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் தானாக வாய் திறக்கவில்லை.

பக்கத்தில் யார் உட்கார ஆசை, ஒரே ஒரு பெயர் எழுதுங்கள் என்று ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தேன். எல்.டி. ஆசிரியர் பயிற்சியில் கேள்விப்பட்ட முறை அது. பாதிச் சீட்டுகளில் வைதேகி. நன்றாகப் பாடுவாள், வக்கீல் வீட்டுப் பெண். மரகதத்தின் பெயர் எதிலும் இல்லை. வைதேகியின் சீட்டில் மட்டும் ஒரு பெயரை எழுதி, அடித்து, கீழே வேறு பெயர் எழுதியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடித்த பெயர் மரகதம்.

வைதேகியைத் தனியாகக் கூப்பிட்டு, ஏன் அடித்தாய் என்று கேட்டேன்.

"அவ கணக்குப் போடறதைப் பாத்துண்டே இருக்கலாம் டீச்சர். பேசணும்னு தோணும்."

"பேசறதுக்கென்ன?"

"மத்தவா என்னை ஒதுக்கிடுவா."

பாதி வகுப்பு விரும்பிய பெண்ணுக்கே அந்த பயம். மறுநாளிலிருந்து மற்றவர்களையும் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டேன். ஒன்பது பேர் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்கள். "இப்படி நினைக்கிறது நீ மட்டும் இல்லை" என்று மட்டும் அவர்களிடமும் வைதேகியிடமும் சொல்லி அனுப்பினேன். யார் பெயரையும் சொல்லவில்லை.

கடைசியாக மரகதத்தைக் கூப்பிட்டேன். "அன்னிக்கு நானும் சிரிச்சேன். தப்பு" என்றேன்.

"தெரியும் டீச்சர்" என்றாள். கண் நிறைந்திருந்தது.

திங்கட்கிழமை பூகோள வகுப்பு. வைதேகி புத்தகங்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கடைசி பெஞ்சுக்குப் போய், "கொஞ்சம் நகந்துக்கோ" என்றாள். மரகதம் நகர்ந்துகொண்டாள். பிறகு இன்னொருத்தி எழுந்தாள். இன்னும் இரண்டு பேர். நாலு பேர் பெஞ்சில் ஐந்து பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் கண்டிக்கவில்லை. போர்டுப் பக்கம் திரும்பி நதிகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்து கலங்கித் தெரிந்தது.

மரகதம் எஸ்.எஸ்.எல்.சி. வரை எங்களிடமே படித்தாள்.

ஒரு பெண்ணை வகுப்பு ஒதுக்கினால் அது வெறுப்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பாதிக்கு மேல் பயம். அவளோடு பேச ஆசைப்படுவது தான் மட்டும்தான் என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். புதிதாக வரும் டீச்சர்கள் முதலில் ஒவ்வொருத்தியையும் தனியாகக் கூப்பிட்டு அதைக் கேட்டுப் பாருங்கள்.