மூன்றாவது காலுறை

சனிக்கிழமை காலை பத்தரைக்குக் காரை எடுத்தபோது மிரேய்க்கு ஒயின் மேல் ஆசை எதுவும் இல்லை. ஆசையெல்லாம் தூக்கத்தின் மேல்தான். உள்ளே அவள் கணவன் லூசியேனுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ் கரீன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஒரு மணி வரைக்கும் நான் இருக்கேன், நிம்மதியா போய்ட்டு வாங்க!" என்றாள். நல்ல பெண். ஆனால் மிரேய் போவது நிம்மதிக்கு இல்லை, வேலைக்கு. குடித்துவிட்டு வந்து சொல்கிற வேலை.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன் லூசியேனைப் பக்கவாதம் அடித்தது. வலது பக்கம் போனது, பேச்சு போனது, விழுங்குகிற சக்தியும் போனது. வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான் சாப்பாடு. புத்திக்கும் மூக்குக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் கொடுமை என்று மிரேய் சில நாள் நினைப்பாள். நாற்பது வருடமாகத் தங்கள் ஷினோன் வட்டாரத்து ஒயினில் எது எந்தச் சரிவில் விளைந்தது என்று மோந்தே சொன்ன மனிதன், இப்போது சின்ன வெள்ளைப் பலகையில் இடது கையால் கோணல்மாணலாக எழுதுகிறான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அவன் எழுதியது: "சனிக்கிழமை நீ போ. குடி. வந்து சொல்லு."

சனிக்கிழமை என்றால் அர்மானின் குகை. வியென் ஆற்றங்கரையில் பாதிப் பேர் வீட்டுக்குப் பின்னால் மலையைக் குடைந்த அறை உண்டு. ரிட்டையரான பிளம்பர் அர்மானின் குகையில் நீளமான மேசை, ஆறேழு நாற்காலி, ரொட்டி, சாம்பல் பூசிய ஆட்டுப்பால் சீஸ். பதினொரு மணிக்குக் கூடுவார்கள். மூன்று பாட்டில் வரும், மூன்றும் கம்பளிக் காலுறைக்குள் ஒளிந்திருக்கும். பெயர் தெரியாமல் குடித்து, ஆளாளுக்குத் தோன்றியதைச் சொல்ல வேண்டும். பாட்டில் கொண்டுவந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. முதல் இரண்டுக்கும் அன்றே காலுறையை உரித்துவிடுவார்கள். மூன்றாவதை உரிக்க மாட்டார்கள். அது அடுத்த சனிக்கிழமை வரை காலுறைக்குள்ளேயே இருக்கும். வாரம் முழுக்க ரொட்டிக்கடையிலும் தபால் ஆபீஸிலும் அதைப் பற்றியே சண்டை நடக்கும். இந்த ஏற்பாட்டைத் தொடங்கிவைத்ததே லூசியேன்தான்.

மிரேய் அந்தக் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை. முப்பத்தோரு வருடம் அவள் காளான் குகையில் வேலை பார்த்தவள். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, குனிந்த முதுகோடு, இருட்டில் காளான் அறுத்தவள். கதவருகே நின்றபடியே எந்தப் பாத்தி கெட்டுப்போயிருக்கிறது என்று மூக்கால் சொல்வாள், மேஸ்திரியே அசந்துபோவான். காளான் கூடைகளை ஏற்ற லாரி ஓட்டிவந்தவன்தான் லூசியேன். அப்படிப்பட்ட மூக்கு வீட்டிலேயே இருந்தும், ஒயின் பற்றி அவளிடம் அபிப்பிராயம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவளும் சொல்லவில்லை.

அதனால் அவள் அர்மான் சொல்வதை மனப்பாடம் செய்துகொண்டு வருவாள். அர்மானுக்கு வாய் அதிகம். "வயலட் பூ! பென்சில் சீவல்! பழுத்த செர்ரி!" என்று அடுக்குவான். மிரேய் வீட்டுக்கு வந்து, கட்டிலருகே உட்கார்ந்து, வயலட் பூ, பென்சில் சீவல், பழுத்த செர்ரி என்று ஒப்பிப்பாள். முதல் வருடம் லூசியேன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். தொண்டை அசையும், அவனும் குடிக்கிற மாதிரி. கொஞ்ச நாளாக அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பார்வை ஜன்னல் பக்கம் போய்விடுகிறது. போன மாதம் பலகையில் எழுதினான்: "இது அர்மான் சொன்னது. உனக்கு என்ன தோணுச்சு?"

"எனக்கும் அதேதான் தோணுச்சு."

அவன் பலகையைத் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டான். அவனுக்கு மிஞ்சியிருந்தது இந்த ஒன்றுதான். அதையும் தான் பாழாக்குகிறோமோ என்ற பயம் அன்றிலிருந்து அவளை விடவில்லை.

முந்தின இரவு தூக்கமும் இல்லை. நான்கு தடவை எழுந்து அவனைப் புரட்டிப் படுக்கவைத்திருந்தாள். அர்மான் வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால், கல்லறைச் சுவரோரம் மரநிழலில் காரை நிறுத்தினாள். மணி பத்தே முக்கால். ஐந்தே நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று பின்னால் சாய்ந்தாள்.

கண் விழித்தபோது மணி பன்னிரண்டரை. குகைக் கதவுக்குப் பூட்டுப் போட்டிருந்தது. எல்லாரும் சாப்பிடப் போயாகிவிட்டது. மிரேய் அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அழுகைகூட வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே.

வீட்டுக்கு வந்து பொய் சொன்னாள். முதல் பாட்டிலுக்கு அர்மானின் பழைய செர்ரியைக் கொடுத்தாள். இரண்டாவதுக்கு வயலட் பூ. மூன்றாவதுக்கு வந்தபோது கைவசம் சரக்கு தீர்ந்துபோனது. லூசியேன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய்க்கு வந்ததை அவள் சொல்லத் தொடங்கினாள்.

"மூணாவது… ஈரச் சாக்கு மாதிரி. விடியக்காலையில முதல் ஆளா குகைக் கதவைத் தொறந்தா ஒரு வாசனை வரும்ல, அது. மக்கி ஆறிப்போன குதிரைச் சாணம், வைக்கோல், பாறையில ஒழுகுற தண்ணி. வாயில வச்சா சில்லுனு இருக்கு, பூட்ஸுக்குள்ள விரல் விறைச்சுப் போகுமே, அந்த மாதிரி. கொஞ்சம் பொறுத்தா சூடு வருது. நீ லாரிய ரிவர்ஸ்ல கொண்டாந்து வாசல்ல நிறுத்துவ, பெரிய கதவைத் தொறப்பாங்க, வெயில் ஒரேயடியா உள்ள வந்து விழும். அந்தச் சூடு. லேசா டீசல் வாடைகூட இருந்துச்சு."

சொல்லி முடித்தபோதுதான் கவனித்தாள், லூசியேன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பலகையை இழுத்து அவசரமாக எழுதினான்: "யாரோட பாட்டில்?"

"எனக்கு எப்படித் தெரியும்? காலுறை உரிக்கலையே."

"மிச்சம் இருக்கும். கொண்டா. மோந்து பாக்கணும்."

ஒரு வருடமாக அவன் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் பலகையில் "மூணாவது?" என்றான். திங்கட்கிழமை காலையிலும். வேறு வழியில்லாமல் அன்று சாயங்காலம் கரீன் வந்ததும் மிரேய் அர்மான் வீட்டுக்குப் போனாள்.

அர்மான் தோட்டத்தில் வெங்காயத்தாள் பிடுங்கிக்கொண்டிருந்தான். "வாம்மா மகாராணி! சனிக்கிழமை எங்க போயிட்ட? உனக்குன்னு வச்ச நாற்காலியில பூனை உக்காந்து குடிச்சுது!"

"கார்லயே தூங்கிட்டேன், அர்மான். அவன்கிட்ட பொய் சொல்லிட்டேன். இல்லாத பாட்டில் ஒண்ணைச் சொல்லிட்டேன், இப்ப அதைத்தான் கொண்டான்னு ஒத்தக்கால்ல நிக்கிறான்."

"இதுக்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்க? என்ன வாசனைன்னு சொன்ன? அதுக்குத் தோதா ஒண்ணு எடுத்துத் தர்றேன்."

அவள் சொன்னாள். ஈரச் சாக்கு, காளான் குகை, மக்கிய வைக்கோல். அர்மான் வெங்காயத்தாளைக் கீழே போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "அடிப்பாவி! அது தக்கை கெட்டுப்போன பாட்டிலு! முகர்ந்த உடனே சாக்கடையில கொட்டுற சரக்கு. ஊருக்கே உன் புருஷன்தான் இதைச் சொல்லிக்குடுத்தான், ஈரச் சாக்கு வாடை அடிச்சா வாயிலயே வைக்காதீங்கன்னு. அதையா அவன் கொண்டான்னு…"

சிரிப்பு பாதியில் நின்றது.

"அவனுக்கு அது தெரியலையா?" என்று மெதுவாகக் கேட்டான் அர்மான்.

குரல் போனபோதும் கை போனபோதும் மிரேய் தாங்கிக்கொண்டாள். உள்ளே அவன் அவனாகவே இருக்கிறான் என்ற தைரியம்தான் இத்தனை நாள் அவளை எழுந்து நடமாட வைத்தது. அதுவும் போய்க்கொண்டிருக்கிறதா? அர்மான் குகைக்குள் போய், பின்வரிசையிலிருந்து தூசி படிந்த ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து, காலுறை மாட்டி அவள் கையில் கொடுத்தான். "நல்ல சரக்கு. இதுதான் அதுன்னு சொல்லு. நம்பிட்டான்னா…" என்று இழுத்தான். அப்புறம், "நம்பிட்டா நம்பிட்டுப் போகட்டும்மா" என்றான்.

செவ்வாய் மதியம் அவள் கோப்பையில் இரண்டு விரல் அளவு ஊற்றி அவன் மூக்கருகே பிடித்தாள். லூசியேன் கண்ணை மூடி மோந்தான். கோப்பையைத் தன் இடது கையில் வாங்கிச் சுழற்றி மறுபடி மோந்தான். பிறகு பலகை.

"இது இல்ல. இது அர்மான் வீட்டுப் பின்வரிசை. 2005."

மிரேய் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். புத்தி இருக்கிறது, மூக்கு இருக்கிறது. நிம்மதி வந்த அடுத்த நொடியே கோபம் வந்தது. "சரி, இது இல்லதான். மூணாவதுன்னு ஒண்ணு கெடையவே கெடையாது. நான் குகைக்கே போகல, கார்ல தூங்கிட்டேன். போதுமா?"

"தெரியும். அன்னிக்கு வந்தப்பவே கன்னத்துல கார் பெல்ட் தடம். காதுலேர்ந்து வாய் வரைக்கும்."

"தெரிஞ்சுக்கிட்டேவா மூணு நாளா என் உயிரை எடுத்த? தெரு முழுக்க அலைய விட்டியே, மனுஷனாடா நீ?"

அவன் வெகுநேரம் எழுதினான். "நீ நெஜமாவே தேடப் போவேன்னு நெனைக்கல. அதை இன்னொரு தரம் நீ சொல்லுவேன்னு நெனச்சுத்தான் கேட்டேன்."

அவன் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தி, குடி என்பதுபோல் தாடையை அசைத்தான். குடித்தாள். புருவத்தை உயர்த்தினான்: எப்படி?

"புளிக்குது" என்றாள் மிரேய். "நாக்கெல்லாம் வறண்டு போகுது. எனக்கு இது பிடிக்கல, லூசியேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்தே பிடிக்கல."

லூசியேன் அவளை வெறித்துப் பார்த்துவிட்டு எழுதினான்: "முப்பத்தெட்டு வருஷமா?"

"ஆமா."

"சொல்லவே இல்ல."

"நீ கேக்கவே இல்ல."

அவன் தோள் குலுங்கியது. முதலில் அழுகிறான் என்றுதான் நினைத்தாள். சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது, வாயோரம் எச்சிலும் வழிந்தது. அவள் துடைத்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் எழுதினான்: "சனிக்கிழமை போகாதே. வீட்டுலயே தூங்கு."

"அப்புறம் உனக்கு ஒயின் கதை யாரு சொல்லுவா?"

"அர்மான் இங்க வந்து கத்தட்டும். நீ மத்ததைச் சொல்லு."

மத்தது என்றால் எது என்று அவள் கேட்கவில்லை. கேட்க நினைத்தாள். அதற்குள் தலை தானாகச் சாய்ந்து மெத்தை ஓரத்தில், அவன் உணர்வற்ற வலது கையின் மேல் படிந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

ஆறு மணிக்கு வந்த கரீன் பிற்பாடு சொல்லித்தான் மீதி அவளுக்குத் தெரிந்தது. கரீன் வழக்கம்போல் வாசலிலிருந்தே சத்தமாக வணக்கம் சொல்ல வாயைத் திறந்திருக்கிறாள். லூசியேன் பலகையைக் கதவுப் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தானாம். "பேசாதே. மிரேய் தூங்குறா" என்று எழுதியிருந்ததாம். எத்தனை நேரமாக அப்படிப் பிடித்திருந்தானோ, இடது கை வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்ததாம். பலகையை வாங்கப் போனபோதும் அவன் கொடுக்கவில்லையாம்.